லீஸ் வீட்டுக்கு 15 லட்சம் கொடுக்கும் முன்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டை மூன்று வருட லீஸுக்குப் பேசியிருக்கிறோம். 15 லட்சம் கொடுத்தால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வரும். ஓனர் என் கணவருடைய ஊர்ப் பக்கம்தான். 11 மாத அக்ரிமென்ட் போதும், ரிஜிஸ்டர் செய்ய வேண்டாம் என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: இந்த அக்ரிமென்ட்டை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். ஓனர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கடனில் சிக்கினாலோ இறந்துபோனாலோ, உங்கள் கையில் இருக்கும் பத்திரம்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டும்.

11 மாதக் கணக்கு வாடகைக்குச் சரி. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வாடகை விவகாரம் இல்லை. பணத்தைக் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கப் போகிறீர்கள். அது போக்கியம். 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இது ஒருவகை அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பதிவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். முறையாகப் பதிவான போக்கியப் பத்திரம் இருந்தால், பணம் திரும்பி வரும்வரை வீட்டை விடாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. நடுவில் வீட்டை வேறொருவர் வாங்கினாலும் அவரையும் அது கட்டுப்படுத்தும். வெறும் 11 மாத அக்ரிமென்ட்டில் இந்தப் பலம் கிடையாது.

ஓனர்கள் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் முத்திரைக் கட்டணம். வாடகை ஒப்பந்தத்தைவிட இதற்கு அதிகம் ஆகும். அதை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து லீஸ் பணம் சேர்க்கும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்தப் பணத்துக்கு இந்தச் செலவு வீண் இல்லை.

அடுத்தது வங்கிக் கடன். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடனுக்குப் பதிவு கட்டாயம் இல்லாததால், அது சான்றிதழில் தெரியாமல் போகலாம். அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே என்று கேளுங்கள். வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் தளத்திலும் சிறு கட்டணம் கட்டித் தேடலாம்.

கடன் ஏற்கெனவே இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. தவணை நின்றுபோனால், 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி ஓனருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். உங்கள் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியபிறகுதான் விஷயமே தெரியவரும். அப்புறம் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டும்; அதற்கும் 45 நாள்தான் கெடு. ஆகவே கடன் உள்ள வீடு என்றால், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கையெழுத்துப் போடுபவர் யார் என்றும் பாருங்கள். காத்தாவும் (மாநகராட்சியின் சொத்துக் கணக்குப் பதிவு) வரி ரசீதும் அவர் பெயரில் இருக்கிறதா? அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அம்மா, சகோதரிகள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இடையில் ஏதாவது நிறுவனம் நின்று, ஓனருக்கு மாத வாடகையும் உங்களிடம் மொத்தத் தொகையுமாகப் பேசினால், அந்த வீடே வேண்டாம்.

பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். டோக்கன் அட்வான்ஸையும் அப்படியே. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. காலி செய்யும் நாளிலும் முழுத் தொகை உங்கள் கணக்கில் ஏறியபிறகே சாவியைக் கொடுங்கள். போக்கியம் தீர்ந்ததற்கான பத்திரத்தில் கையெழுத்திடுவதும் அதன் பிறகுதான்.