தயிர்ச்சட்டியும் நன்றியும்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தின் முகப்பு மேசையில் வேலை செய்கிறேன். சில வாரங்களுக்கு முன் மூதூரிலிருந்து வயதான உம்மா ஒருவர் தன் மகனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி கேட்டு வந்தார். மகன் இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தவர். பதிவிலக்கம் தெரியாது, ஆண்டு மட்டும் தெரியும் என்றார். பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "அல்லாஹ் உங்களை நன்றாக வைத்திருப்பான், மகள்" என்றார். நான், "அதெல்லாம் வேண்டாம் உம்மா. இது என் கடமை. அடுத்த ஆள் வாருங்கள்" என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. மறுவாரம் மகனிடம் ஒரு தயிர்ச்சட்டி கொடுத்தனுப்பினார். அதையும் திருப்பிவிட்டேன்.

எங்கள் மூத்த அலுவலர், "நீ செய்ததுதான் சரி. நன்றி சொல்வதும் அதற்குப் பதில் சொல்வதும் வெள்ளைக்காரர் பழக்கம், நமக்குள் அது செயற்கை" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இன்னொரு சின்னக் கேள்வி: வாட்ஸப் குழுவில் வரும் ஒவ்வொரு நன்றிக்கும் பதில் போட வேண்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி,
உவர்மலை, திருகோணமலை.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் உம்மாவிடம் சொன்ன மூன்று வாக்கியங்களில் நடுவில் இருப்பதோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. முதலாவதும் மூன்றாவதும்தான் அவருடைய முகத்தை வாட வைத்தவை.

"இது என் கடமை" என்பதை அவ்வளவு எளிதாக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு கையெழுத்துக்காகத் தெரிந்தவருக்குத் தெரிந்தவரைத் தேடி அலைகிற வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மேசைக்கு அப்பால் இருப்பவர் "நான் உபகாரம் செய்யவில்லை" என்று தெளிவாகச் சொல்வது நல்லதுதான். உபகாரம் என்று ஒப்புக்கொண்டால் பின்னொரு நாள் அதற்கு விலை கேட்க இடமுண்டு. ஆனால் அந்த வாக்கியம் முழுக்க உங்களைப் பற்றியது. நீங்கள் நேர்மையானவர் என்று அது சொல்கிறது. எதிரே நிற்கிற உம்மாவுக்கு அதில் இடமே இல்லை. "இது உங்களுக்கு உரியதுதானே உம்மா, கிடைத்தது எனக்கும் சந்தோஷம்" என்றிருந்தால் அதே நேர்மை அப்படியே இருந்திருக்கும், அவரும் அதற்குள் வந்திருப்பார்.

அவர் ஏன் கையைப் பிடித்தார் என்று யோசித்தீர்களா? உங்கள் கணக்கில் அது பதிவேடு புரட்டிய வேலை. அவருடைய கணக்கு வேறு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் மூதூர்க்காரர் பட்டினத்துக்கு வர வேண்டுமானால் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லாஞ்சில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் தரைவழியே வந்து பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்காக: பாதை என்று நாங்கள் இங்கே சொல்வது தெருவை அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை.) அந்தத் தலைமுறைக்கு ஒரு பத்திரம் எடுப்பது என்பது ஒரு முழு நாளை விழுங்கும் காரியம். இப்போது அந்தப் பாலத்தின் 396 மீற்றரையும் பஸ் ஒரு மூச்சில் கடந்துவிடுகிறது. என்றாலும், "இலக்கம் இல்லையா, போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம் பாலம் போட்டதால் மட்டும் போய்விடுமா? அன்று அவருக்கு நீங்கியது அந்தப் பயம். "அதெல்லாம் வேண்டாம்" என்று நீங்கள் ஒதுக்கியதும் அதைத்தான்.

இனி உங்கள் மூத்த அலுவலர். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது வெள்ளைக்காரரோடு சம்பந்தப்பட்டதல்ல. சிமியோன் ஃபுளோய்ட் முதலிய மொழியியலாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகளைப் பேசுவோரின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து, ஒருவர் கேட்டதை மற்றவர் செய்துகொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ இருபதில் ஒரு தடவைதான் நன்றி சொல்லப்பட்டிருந்தது. ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் கொஞ்சம் கூடுதல், அங்கும் சொல்லாத தடவைகளே மிகுதி. ஆக, வீட்டிலும் அயலிலும் வாய்திறந்து நன்றி சொல்லாதது மனிதர்களின் பொது வழக்கம். இன்று சீனி வாங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரி நாளை நமக்குக் கறிவேப்பிலை பறித்துத் தருவாள். கணக்கு ஓடிக்கொண்டே இருப்பதால் சொல் தேவைப்படுவதில்லை.

அலுவலக முகப்பில் அந்த "நாளை" என்பது கிடையாது. உம்மா உங்களுக்குத் திரும்ப எதையும் செய்யப்போவதில்லை, செய்யவும் வழியில்லை. அவர் கையில் இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். அதை நீங்கள் வாங்கியிருந்தால் கொடுத்தவரும் வாங்கியவருமாக இரண்டு பேரும் சமமாகப் பிரிந்திருப்பீர்கள். வாங்காததால் அவர் கடன்காரியாகப் பஸ் ஏறினார். மறுவாரம் வந்த தயிர்ச்சட்டி அந்தக் கடன்தான் என்பது என் துணிபு. சொல் அன்றைக்கே செல்லுபடியாகியிருந்தால் சட்டிக்கு வேலை இருந்திருக்காது. தன்னடக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டு செய்கிற பல காரியங்கள் எதிரே நிற்பவரை இப்படிக் கீழேயே நிறுத்திவைக்கின்றன. தன்னடக்கத்தின் மீது எனக்குப் பொதுவாகவே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

சட்டியைத் திருப்பியது சரி. மூதூர்த் தயிரைத் திருப்பி அனுப்ப எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அரச ஊழியர் தான் செய்த வேலைக்கு வெகுமதியாகப் பொருள் வாங்குவதை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் ஏற்காது. எப்படித் திருப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "தம்பி, இதை நான் எடுத்தால் என் வேலைக்கு ஆபத்து. உம்மா எனக்காகக் கேட்ட துஆவை எடுத்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள்" என்று அந்த மகனிடம் சொல்லியிருந்தால், சட்டி வீடு திரும்பியதில் அங்கே யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. அவரை நீங்கள் மறுபடி காணக்கூடும். இப்போதும் சொல்லலாம்.

உங்கள் மேசைக்கு மூன்று சமூகத்தவரும் வருகிறார்கள். ஒருவர் கைகூப்புவார், ஒருவர் துஆச் செய்வார், ஒரு சிங்களப் பாட்டி உங்களுக்குப் புண்ணியம் சேரட்டும் என்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். "சந்தோஷம் அம்மா, பஸ் இருக்கிறதா?" போதும். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். வரிசை நீளம் என்று சொல்லாதீர்கள், இதற்காக எந்த வரிசையும் நீண்டதில்லை. இதன் மறுகோடிக்கும் போக வேண்டாம். "ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன், அப்படிச் சொல்லவே கூடாது" என்று இழுபறி நடத்துகிறவர்களுக்கு இன்னும் இரண்டு தடவை நன்றி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வாட்ஸப் குழுவுக்கு: வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஒருவர் தனியாக எழுதி, எதற்காக என்று குறிப்பிட்டுச் சொன்னால் இரண்டு வரி பதில் எழுதுங்கள். எங்கள் பழைய மாணவர் குழுவில் இரத்ததானம் செய்தவருக்கு ஒருவர் நன்றி போட்டார், அந்த நன்றிக்கு அவர் நன்றி போட்டார், பிறகு குழுவே கும்பிட்ட கைகளை அனுப்பத் தொடங்கியது. இரவு பதினொரு மணிக்கும் வந்துகொண்டிருந்தன. ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன்.

அன்புடன்.