செலவைக் குறைப்பதோடு நிற்கும் மாணவர்களுக்கு மதிப்புசார் மருத்துவத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு மதிப்புசார் மருத்துவச் சேவை பற்றி ஆறு வகுப்பு எடுக்க வேண்டும். ‘பலனைச் செலவால் வகுத்தால் மதிப்பு’ என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். கணக்கு ஒன்றைக் கொடுத்தால் மட்டும் செலவை வெட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கோட்பாட்டை அரை வகுப்பில் முடியுங்கள். இந்தக் கருத்தை முன்வைத்த மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்கும் 2006-இல் விரிவாக எழுதியதன் சாரம் அதற்குள் அடங்கிவிடும். மீதி நேரம் முழுக்க ஒரே ஒரு சிகிச்சையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இதற்குப் பொருத்தம்.

முதலில் நோயாளியின் பாதையை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் அட்மிஷனில் தொடங்கி டிஸ்சார்ஜில் முடிப்பார்கள். முதல் ஆலோசனை, பிசியோதெரபி, தொற்று வந்து மீண்டும் சேர்வது என ஓராண்டுப் பாதையும் படத்தில் வர வேண்டும். ஒருநாள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பி மிச்சம் பிடித்த செலவு வேறெங்கோ முளைப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து பலன். அறுவைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தது செயல்முறை அளவீடு, அதாவது செய்ய வேண்டியதைச் செய்தோமா என்பது மட்டும். வலியில்லாமல் மாடிப்படி ஏறுவதுதான் பலன். வலி, நடமாட்டம் பற்றி நோயாளியே நிரப்பும் வினாத்தாளான ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள்: 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 48, கூடினால் நல்லது. பழைய கட்டுரைகளில் இதே அளவுகோல் 12 முதல் 60 வரை, தலைகீழாக இருக்கும். மாணவர்கள் இரண்டையும் கலந்துவிடுவார்கள், கவனம்.

செலவுக்கு பில் தொகையை எடுக்க விடாதீர்கள். அது விலை, செலவு அல்ல. நிமிடக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஒரு செவிலியருக்கு மாதச் செலவு 78,000 அலகு என்று வையுங்கள். 20 நாள், 8 மணி நேரம் என்றால் 9,600 நிமிடம். இடைவேளை, பயிற்சி, கூட்டம் போக நாளுக்கு 6.5 மணி நேரம்தான் நோயாளிக்குக் கிடைக்கும்: 7,800 நிமிடம், நிமிடத்துக்கு 10 அலகு. 9,600-ஆல் வகுத்தால் 8.1 என்று குறைத்துக் காட்டும்; இடைவேளை, பயிற்சி, கூட்டம் ஆகிய நேரத்தின் செலவு காணாமல் போய்விடும்.

இனி முக்கியமான பயிற்சி, இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். அறுவைக்குப் பிந்தைய சராசரி ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் ‘அ’ மருத்துவமனையில் 40, ‘ஆ’வில் 36. செலவு சமம். எது மேல் என்று கேளுங்கள். எல்லோரும் ‘அ’ என்பார்கள். பிறகு அறுவைக்கு முந்தைய மதிப்பெண்ணைக் கொடுங்கள்: ‘அ’ 28, ‘ஆ’ 14. முன்னேற்றம் 12-க்கு எதிராக 22! அதோடு விடாதீர்கள். மிகக் குறைவாகத் தொடங்குபவருக்கு ஏற இடம் அதிகம், ஆகவே முன்னேற்றத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். வயது, சர்க்கரை நோய், பருமன் ஆகியவற்றுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் ஒப்பிட முடியாது என்பதை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். கடைசியாக, ‘ஆ’வில் 100 பேரில் 55 பேர்தான் வினாத்தாளைத் திருப்பித் தந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள்; மீதிப் பேரின் நிலை தெரியாமல் அந்தச் சராசரியை எப்படி நம்புவது என்ற கேள்வி எழ வேண்டும்.

தொகுப்புக் கட்டணத்தை இதற்குப் பிறகே எடுங்கள். சிகிச்சை முழுவதற்கும் ஒரே தொகை என்றால், சிக்கலான நோயாளிகளைத் தவிர்க்கும் ஆசை ஏன் வருகிறது என்பது சொல்லாமலே புரியும்.

தேர்வில் வரையறை கேட்காதீர்கள். இதே மாதிரி குறையுள்ள தரவு ஒன்றைக் கொடுத்து, இயக்குநருக்கு இரண்டு பக்கப் பரிந்துரை எழுதச் சொல்லுங்கள். எந்தத் தரவு போதவில்லை என்று சுட்டுபவருக்கு மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்குங்கள்.