கருஞ்சீரகம்: மருந்தா, மருந்துக்குத் துணையா?

கேள்வி: சீரகத்தின் ஒரு வகைதானா கருஞ்சீரகம்?

பதில்: பெயரில்தான் உறவு. சீரகம் கொத்தமல்லியின் குடும்பம். கருஞ்சீரகம் அதனோடு தொடர்பில்லாத நைஜெல்லா சட்டைவா என்னும் செடியின் விதை. முக்கோண வடிவில், மங்கிய கருமையுடன் சொரசொரப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெண்மை தெரியும். நசுக்கினால் ஓமத்தை நினைவூட்டும் கார மணம் எழும்.

கேள்வி: மரணத்தைத் தவிர அனைத்துக்கும் இது மருந்து என்கிறார்களே, ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பதில்: அது நபிமொழி; யுனானி மருத்துவர்கள் இதைப் போற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் சளிக்கும் இரைப்புக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுத்தார்கள். சித்த மருத்துவத்தில் கரப்பான் என்னும் தோல் நோய்க்கும் தலைவலிக்கும் பயன்பட்டு வருகிறது. 1963இல் இதன் வாசனை எண்ணெயிலிருந்து தைமோகுவினோன் என்னும் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி அதைச் சுற்றியே நடக்கிறது. நாளொன்றுக்கு 1 முதல் 3 கிராம் வரை பொடியை 8 முதல் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்த பல சோதனைகளில் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை ஓரளவு குறைந்தன. 'ஓரளவு' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பரப்பப்படும் செய்திகளுக்கு அடிப்படை, பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கண்ட விளைவுகளே. அவற்றை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

கேள்வி: என் தாயார் சர்க்கரை மாத்திரை உட்கொள்கிறார். அதை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள், ஏனெனில் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

கேள்வி: கர்ப்பிணிகள் உண்ணலாமா?

பதில்: உணவில் தாளிக்கும் அளவு போதும், மருந்தளவு வேண்டாம்.

கேள்வி: எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவலாமா?

பதில்: முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் கவனியுங்கள். சிலருக்குத் தோல் சிவந்து கொப்புளம் எழுந்ததுண்டு.

கேள்வி: பொடியாக வாங்கலாமா?

பதில்: விதையாகவே வாங்கி, வேண்டியபோது பொடித்துக்கொள்ளுங்கள். தைமோகுவினோன் வெளிச்சத்தில் சிதையும் தன்மையுடையது. எண்ணெய் வாங்கினாலும் அடர்நிறக் குப்பியில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.