ஏரிக்கு 12 அடி தூண்டில் கோல் வேண்டுமா?

ஏரிக்கரையில் நின்று சின்ன மீன் பிடிக்கத்தான் ஆசை, கடையிலோ 12 அடி கோலும் நரம்பு சுற்ற 5000 அளவு ரீலும் எடுக்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது கடற்கரையில் நின்று தூரம் வீசுபவர்களுக்கானது. கால் கிலோ மீன் கடித்தால் கோல் நுனி அசைந்ததுகூட உங்களுக்குத் தெரியாது.

ஆறரை, ஏழு அடியில் மீடியம் லைட் (ஓரளவு எளிதாக வளையும்) கோல், 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.25 மி.மீ. தங்கூசி நரம்பு. இவ்வளவு போதும். பல இழை சேர்த்துப் பின்னிய பின்னல் நரம்பு இப்போதைக்கு வேண்டாம், சிக்கு விழுந்தால் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். ரீலில் நரம்பு சுற்றும் உருளைதான் ஸ்பூல்; அதன் விளிம்புக்கு 2 மி.மீ. கீழேயே சுற்றுவதை நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே வளையம் வளையமாகக் கொட்டும்.

தூண்டில் முள்ளில் ஒரு குழப்பம் வரும்: 8, 10 என்று எண் கூடக் கூட முள் சிறிதாகும். மண்புழுவுக்கு அந்த இரண்டில் எதுவும் சரி. தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஈயக்குண்டைக் கூட்டிக் குறையுங்கள்.

அப்புறம், முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துவிடுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உரசிச் சூடாகி நரம்பு அங்கேயே பலவீனமாகும். எனக்கு முதலில் மாட்டிய பெரிய மீன் அப்படித்தான் போனது. சுருண்ட நரம்பு நுனிதான் கையில் மிஞ்சியது.