ட்ரோம்சோவில் வடதுருவ ஒளி பார்க்க வழிகாட்டி தேவையா?

நாகர்கோவிலிலிருந்து ஜனவரியில் குடும்பமாக நார்வே போகிறோம், ஒளியை நாமே தேடிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஒன்றிரண்டு இரவுகளுக்காவது வழிகாட்டியோடு போங்கள்.

காரணம் மேகம். சூரியனிலிருந்து வரும் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவப் பக்கம் திருப்பிவிட, அவை சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜனில் மோதும்போதுதான் அந்தப் பச்சை வெளிச்சம் வருகிறது. மேகமோ அதற்கு வெகு கீழே. சித்ரா பௌர்ணமிக்குக் குமரிமுனையில் கூட்டம் காத்து நிற்க, அடிவானத்து மேகம் எல்லாவற்றையும் மறைத்துவிடுமே, அதே கதைதான். ட்ரோம்சோ 69 டிகிரி வடக்கில் இருப்பதால் பெரிய சூரியப் புயல் வேண்டியதில்லை. வானம் திறந்திருந்தால் போதும். வழிகாட்டிகள் வானிலையைப் பார்த்து, தெளிந்த வானம் இருக்கும் பக்கம் வேனை ஓட்டுவார்கள். சில நாள் பின்லாந்து எல்லையைக்கூடத் தாண்டுவார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பனி உறைந்த ரோட்டில் ராத்திரி நாமே கார் ஓட்டுவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் குளிர். கடலோரத்தைவிட உள்நாட்டில் மிகவும் கடுமை, மைனஸ் 20 வரைகூடப் போகும். உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள்; வியர்வையில் நனைந்தால் காயாது, வண்டியை விட்டு இறங்கி நின்றதும் உடம்பு நடுங்கும். கம்பளி உள்ளாடைதான் சரி. ஷூ கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும், இறுகினால் விரல் மரத்துப்போகும்.

மங்கலான ஒளி கண்ணுக்கு வெண்சாம்பலாகத்தான் தெரியும். மேகமா ஒளியா என்று சந்தேகம் வந்தால் போனை நைட் மோடில் வைத்து ஒரு படம் எடுங்கள். பச்சை விழுந்தால் ஒளிதான்.