மூன்று வகைப் புத்தகத்துக்கும் ஒரே அளவுகோலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபேன்டஸி, காமிக்ஸ், காதல் நாவல் மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பவள் நான். வெவ்வேறு இனம், நிறம், பாலினத்தவர் நாயகர்களாக வரும் புத்தகங்களைத் தேடிப் பிடிப்பேன். வாசித்ததும் கருத்து எழுதி வைப்பேன். எல்லாமே ஒரே மாதிரி வருகிறது: "பாத்திரங்கள் மனதில் நிற்கிறார்கள்", "கொஞ்சம் மெதுவு", "பன்முகத்தன்மை அருமை". சொந்தக் கருத்தில் சரி, தவறு உண்டா? அடுத்தவருக்குப் பயன்படும்படி எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிடித்தது, பிடிக்கவில்லை என்பதில் சரி, தவறு கிடையாது. ஏன் என்று சொல்லும் இடத்தில் உண்டு. உங்கள் மூன்று வரிகளும் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும், சிக்கல் அதுதான்.

காதல் நாவலுக்குத்தான் அதிக அநியாயம் நடக்கிறது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். "முடிவு முன்பே தெரிந்துவிட்டது" என்பது அங்கே குறையே அல்ல. இருவரும் சேர்வார்கள் என்பது அந்த வகை வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அவர்களைப் பிரித்து வைத்திருப்பது எது என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துபோகும் தப்பெண்ணம், 300 பக்கத்தைத் தாங்காது. பழைய காயமோ, இருவரில் ஒருவர் விட முடியாத கடமையோ தாங்கும். பெரும்பாலும் முக்கால் பங்கு தாண்டியதும் ஒரு பிரிவு வரும். அதன்பின் யார், எதை மாற்றிக்கொள்கிறார்? மன்னிப்பு வசனம் ஒன்றோடு சேர்ந்துவிட்டார்கள் என்றால் அதைக் குறித்துச் சொல்லுங்கள்.

காமிக்ஸில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக் கட்டங்களை எண்ணுங்கள். ஒரே அளவில் ஒன்பது சிறு கட்டங்கள் என்றால் நேரம் துண்டு துண்டாக நகரும். பக்கம் முழுக்க ஒரே படம் என்றால் கண் அங்கே நின்றுவிடும். ஒரு பேச்சுக் குமிழில் 25 சொற்களுக்கு மேல் ஏறினால் படத்தைப் பார்ப்பதை விட்டு எழுத்தைப் படிக்க ஆரம்பிப்போம். நீங்கள் "மெதுவு" என்று உணர்ந்தது இதனாலும் இருக்கலாம். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில், திடுக்கிட வைக்கும் காட்சியைத் தாளைப் புரட்டியதும் தெரியும் இடப்பக்கத்தில் வைப்பது வழக்கம். வலப்பக்கத்தில் இருந்தால் ஓரக்கண்ணில் முன்பே பட்டுவிடும். திரையில் பக்கம் பக்கமாக வாசித்தால் இது புலப்படாது, ஆகவே எதில் வாசித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஜப்பானிய காமிக்ஸான மங்கா வலமிருந்து இடமாகச் செல்வது. அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிட்ட பதிப்பில் வலக்கையில் வாள் பிடித்தவன் இடக்கைக்காரனாகிவிடுவான். எழுத்தாளர் பெயரை மட்டும் போட்டு ஓவியரை விட்டுவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஃபேன்டஸியில் மந்திரத்துக்கு எல்லை உண்டா, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவரை பேச்சே இல்லாத ஒரு சக்தி கடைசிப் போரில் முளைத்தால் முந்தைய ஆபத்தெல்லாம் பொய்யாகிவிடும். தொடர் என்றால் முதல் பாகம் தனியாக முடிகிறதா என்றும் ஒரு வரி போதும்.

இனி பன்முகத்தன்மை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற ஃபேன்டஸி நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். நண்பன் வெட்ச் அறிமுகமாகும் இடத்தில், அவன் கறுப்பு கலந்த பழுப்பு, கெட்டும் அந்தத் தீவுகளின் பெரும்பாலான மக்களும் செம்பழுப்பு என்று போகிற போக்கில் வருகிறது. அந்த உலகில் அதுதான் இயல்பு. எனவே அறிவிப்பு தேவைப்படவில்லை. அதை வைத்து 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட் வேடத்தை வெள்ளையர் ஒருவருக்குக் கொடுத்தபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நீங்கள் வாசிக்கும் புத்தகத்தில் யாருடைய நிறம் மட்டும் வர்ணிக்கப்படுகிறது? யாருடைய உணவுக்கும் சடங்குக்கும் மட்டும் விளக்கம் தரப்படுகிறது? அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் பாத்திரம் எடுக்கும் ஒரு முடிவாவது மாறுமா? மாறாவிட்டாலும் குற்றமில்லை. அவரும் டிராகன் ஓட்டட்டும், காதலிக்கட்டும். எல்லாக் கதையும் ஒடுக்குமுறையைப் பற்றியே இருக்க வேண்டும் என்பது இன்னொரு கூண்டு. ஆனால் அட்டையில் அடையாளத்தைச் சொல்லி விற்றுவிட்டு, உள்ளே அவரை நாயகனுக்காகச் சாகும் நண்பராக மட்டும் வைத்திருந்தால், எந்த அத்தியாயத்தில் என்று சொல்லியே எழுதுங்கள்.

பாத்திரத்தின் சமூகத்தைச் சேராதவர் நீங்கள் என்றால் "உண்மைக்கு நெருக்கமான சித்திரிப்பு" என்று சான்றிதழ் தர வேண்டாம். அந்தச் சமூகத்து வாசகர்கள் அதே புத்தகத்தைப் பற்றி எழுதியதைத் தேடி, உங்கள் கருத்துக்குக் கீழே சுட்டிக் காட்டிவிடுங்கள்.