மெம்பரின் சொப்பிங் பை

அன்புள்ள அண்ணா,
திருகோணமலை, சம்பூர்ப் பக்கத்து முன்னாள் பிரதேச சபை மெம்பரைப் பாராட்டி நீங்கள் எழுதியதை வாசித்தேன். சபையில் இருந்த காலத்தில் ஒருவருக்கும் ஒரு வீடு எடுத்துக் கொடுக்காத மனிசன் இப்ப மட்டும் காணி, வீடு என்று சனத்தோடு திரிகிறார். அடுத்த எலக்ஷனுக்குப் போடுகிற அத்திவாரம்தானே இது?
— வாசகர் ஒருவர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,
எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் இழுபட்டு இழுபட்டு 2025 மே மாதம்தானே வந்தது? அதில் அவர் நிற்கவில்லை. மற்றவர்கள் கட்டுப்பணம் கட்டிக்கொண்டிருந்த கிழமை இவர் ஒரு அம்மாவோடு கந்தோர் வாங்கில் குந்தியிருந்தார். இனி எப்போதாவது நிற்பாரோ என்னவோ, நின்றால் நிற்கட்டுமே.

சபையில் இருந்தபோது ஏன் வீடு கொடுக்கவில்லை என்றால், சபையிடம் அது இல்லை. தெருவிளக்கு, கிறவல் றோட்டு, குப்பை, கட்டுகிற வீட்டின் பிளானுக்கு அனுமதி, இவ்வளவுதான் அதன் கையில். காணி ஒப்பம், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், பிரதேச செயலகத்தில். ஒப்பம் இல்லாதவரின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏறுவது கஷ்டம். மெம்பர் சிபாரிசுக் கடிதம் எழுதுவார், சனம் அதை மடித்து வைத்துக்கொண்டு நடக்கும். "நான் எழுதின கடிதங்களை அடுக்கினால் ஒரு அறைச் சுவர் கட்டலாம்" என்று அவரே சிரித்தார்.

அந்த அம்மாவின் கதையைச் சொல்கிறேன். 2006 இல் செல்லடிக்குள் ஓடினது, பிறகு கிளிவெட்டி முகாம், புருஷன் அங்கேயே செத்துப்போனார். 2012 இல் அந்தப் பக்கத்துக் காணிகள் பொருளாதார வலயத்துக்கென்று போய், 2015 இல் 818 ஏக்கர் விடுபட்ட பிறகுதான் இவர்களுக்கு ஊர். திரும்பி வந்தால் ஒப்பம் கையில் இல்லை. இருந்ததும் புருஷனின் பெயரில், பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதாமல். மகள் ஒருத்திதான் கூட இருக்கிறாள். அப்படி எழுதாத காணியில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று கிடந்த சட்டத்தை 2022 இல்தான் திருத்தினார்கள், அது அவர்களுக்குத் தெரியாது. மெம்பருக்கும் முதலில் தெரியாது, தேடிப் படித்திருக்கிறார்.

மெம்பரிடம் ஒரு சொப்பிங் பை இருக்கிறது. மரணச் சான்றிதழ், முகாம் பதிவு, பழைய குடும்ப அட்டையின் போட்டோக்கொப்பி, எல்லாம் இரண்டிரண்டு. ஒரு கந்தோரில் ஃபைல் காணாமல் போனதென்று கையை விரித்தார்களாம், இவர் விடாமல் பழைய பேரேட்டைப் புரட்டச் சொல்லி, அதில் புருஷனின் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார். குறையும் உண்டு: கோபம் வந்தால் கந்தோர் என்று பார்க்காமல் கத்துவார், அதனால் இரண்டு தவணை வீணாய்ப் போனதாம்.

போன கிழமை போனேன். அந்த அம்மாவின் வீட்டுச் சுவர் லின்டல் மட்டத்துக்கு, கதவு நிலைக்கு மேலே, வந்துவிட்டது. வீட்டுத்திட்டத்தின் கூரைக் காசு அடுத்த கட்டத்தில்தான் வரும், மாரி அதற்குள் தொடங்கிவிடும். மெம்பர் பக்கத்து வளவுக்காரரிடம் தகரம் இரவல் கேட்டுக்கொண்டு நின்றார்.